பிள்ளைக்கு உன் பேச்சு, உடம்புக்கு என் பேச்சு

பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தான்.

எலினா அவன் உள்ளங்காலைச் சுண்டினாள். காலை மெல்ல இழுத்துக்கொண்டான். முகம் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்து நைட்டியின் ஜிப்பை இறக்கி மார்போடு சேர்த்துப் பிடித்தாள். உதட்டில் காம்பு பட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை நாக்கால் துழாவினான். அப்புறம் தலை அவள் முழங்கைக்குள் சாய்ந்துவிட்டது.

"நல்ல பிள்ளை. பெத்தவளைப் படுத்தாத பிள்ளை" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார்கள். நேற்று வரை அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார்டே எழுந்துகொள்ளும்படி கத்தியவன் இவன். வீட்டுக்கு வந்த மறுநாளும் கத்தினான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் தேய்ந்து, இன்று விடிந்ததிலிருந்து வெறும் முனகல்தான். அதுவும் எப்போதாவது.

காலையில் மாற்றிய துணியில் ஈரமே இல்லை. செங்கல் தூளைத் தடவியதுபோல ஒரு கறை மட்டும் இருந்தது. அதை மாமியார் பார்ப்பதற்குள் வாளியில் அமுக்கிக் கசக்கிப் போட்டுவிட்டாள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பின்சுவரை ஒட்டிய குடியிருப்பு அது. ஓர் அறையும் அடுப்படியும்தான் வீடு. மில்லின் இரைச்சல் சுவர் வழியாக எந்நேரமும் கேட்கும். புருஷன் பெனின் அந்த மில்லில்தான் வேலை பார்த்தான். ஷிப்டுக்குப் போனால் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாமியார் சந்தனமேரி தெருமுனையில் ஆஸ்பத்திரிக்கான கட்டுத்துணி மடிக்கும் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். எலினாவுக்குத் தாய் இல்லை. வ. புதுப்பட்டியில் அப்பா மட்டும்தான். அதனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாமல் இங்கேயே இருந்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து வீடு திரும்பிய அன்றே சண்டை வந்துவிட்டது. சந்தனமேரி சீனித்தண்ணி கரைத்து, பிள்ளைக்குப் புகட்டும் சங்கில் எடுத்துக்கொண்டு வந்தாள். எலினா பிள்ளையை நெஞ்சோடு மூடிக்கொண்டாள்.

"தாய்ப்பாலைத் தவிர வேற ஒரு சொட்டும் குடுக்கக்கூடாது அத்தை. கனகலட்சுமியக்கா கிளாஸ்ல சொல்லிருக்காக."

"அவ சொல்லுவா. பெனினை நான் சீனித்தண்ணி குடுத்துத்தான் வளத்தேன். அவன் என்ன செத்தா போனான்?"

கனகலட்சுமி ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊழியர். பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் உட்காரவைத்துச் சாப்பாடு, தாய்ப்பால் என்று வகுப்பு எடுப்பாள். எலினா ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. கனகலட்சுமி சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வாள். "எலினாவைப் பாருங்க, எப்படி மனசுல வாங்கிருக்கா" என்று அந்த அக்கா நாலு பேர் முன்னால் சொன்னது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல இருந்தது.

அன்று சண்டை பெருத்து, பெனின் நடுவில் புகுந்து, கடைசியில் சந்தனமேரியே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சரிட்டி. பிள்ளை விசயத்துல ஒன் பேச்சு. ஒன் ஒடம்பு விசயத்துல என் பேச்சு. பச்சை ஒடம்பு. நான் குடுக்கிறதைத் தின்னு, குடிக்கச் சொன்னா மட்டும் குடி."

எலினா ஒத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

மாமியார் கொடுத்தது காலையில் ரஸ்க்கும் கடுங்காப்பியும், மதியம் பூண்டு வதக்கிப் பிசைந்த ஒரு கைப்பிடிச் சோறு, பொழுது சாய இரண்டு இட்லி. தண்ணீர் மட்டும் கிடையாது. தண்ணீர் குடித்தால் வயிறு உப்பிவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நாக்கு ஒட்டும்போது ஒரு மிடறு வெந்நீர், அவ்வளவுதான். வகுப்பில் படித்த கீரை, முட்டை, பயறு எல்லாம் எலினாவுக்கு மனப்பாடம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு பேச்சுதானே. தன் வயிற்றைக் கட்டினால் பிள்ளை தப்பிக்கும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "எலினா..." என்று கூப்பிட்டபடி கனகலட்சுமியே வந்துவிட்டாள். கையில் சத்துமாவுப் பை, முகமெல்லாம் வியர்வை.

"எப்படிம்மா இருக்க? பய எப்படி?"

"நல்லாருக்கான் அக்கா."

"பால் குடிக்கானா?"

 இல்லை என்று சொன்னால் போதும். ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லோடு எல்லாம் போய்விடும். பால் இல்லாதவள் என்று தெருவே பேசும். சீனித்தண்ணியைத் தட்டிவிட்ட திமிர் எங்கே போச்சு என்று மாமியார் கேட்பாள். இந்த அக்காவும் இனி யார் முன்னாலும் அவள் பெயரை எடுக்கமாட்டாள்.

"குடிக்கான்" என்றாள்.

"சீனித்தண்ணி, கழுதைப்பால் எதுவும் குடுக்கலைல்லா?"

"இல்லக்கா. தாய்ப்பால் மட்டுந்தான்."

கனகலட்சுமி சிரித்தாள். குனிந்து, பிள்ளையை மூடியிருந்த துணியை மட்டும் ஒரு விரலால் தொட்டாள். "தூங்கட்டும். பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுலயும் இந்தச் சீனித்தண்ணிச் சண்டைதான். சாயங்காலம் அங்க போய் ஒன்னைத்தான் எடுத்துக்காட்டாச் சொல்லப்போறேன்" என்று சொல்லிவிட்டு மாவுப் பையை வைத்துவிட்டுப் போனாள்.

செருப்புச் சத்தம் தெருவில் தேய்வதைக் கேட்டபடி எலினா உட்கார்ந்திருந்தாள். கூப்பிடு, கூப்பிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை.

துணியை விலக்கிப் பார்த்தாள். பிள்ளையின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. இமையைத் தூக்கினால் வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. உடம்பு அனலாகச் சுட்டது. மறுபடி மார்பில் வைத்தாள். வாய் பிடிக்கவில்லை. தானே அழுத்திப் பார்த்தாள். வலியில் உயிர் போனது. ஒரு துளி தட்டுப்பட்டு நின்றது.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். சீனி டப்பா மேல்தட்டில் இருந்தது. எட்டி எடுத்து, டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றினாள். கரண்டியால் வேகமாகக் கலக்கினாள். 

"என்னட்டி செய்யிற?"

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சந்தனமேரி வாசலில் நின்றாள். தலைமுடியெல்லாம் கட்டுத்துணியின் வெள்ளைப் பிசிறு. மருமகளின் முகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குப் பால் இல்லத்தை" என்றாள் எலினா. "நேத்துலேருந்தே இல்ல. அவன் குடிக்கல. நான்... பொய் சொன்னேன்."

அடி விழும் என்று எதிர்பார்த்தவள்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.  சந்தனமேரி நேராகப் பிள்ளையிடம் போனாள். உச்சிக்குழியில் உள்ளங்கையை வைத்தாள். அது பள்ளமாக உள்ளே போயிருந்தது. பிள்ளையின் கையைத் தூக்கிவிட்டாள். துணிபோல விழுந்தது. சந்தனமேரியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை எலினா பார்த்தாள்.

"அந்த டம்ளரைக் கீழ வை. அந்தக் கனகலட்சுமி எங்க இருக்கா? கூப்பிடு அவளை. இப்பவே கூப்பிடு."

கனகலட்சுமி தெருமுனையில் ஒரு வீட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றாள். எலினா கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடிவந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து "ஐயோ" என்ற ஒரு சொல்தான் வந்தது. உடனே 108க்குப் போன் போட்டாள். வண்டி சேத்தூர்ப் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வேறு வண்டி வர நேரமாகும் என்றார்கள்.

"ஆட்டோல போயிருவோம். பிரசவம் பாத்த ஆஸ்பத்திரிக்கே போவோம். அங்க பச்சைப்பிள்ளைகளுக்குத் தனி வார்டு இருக்கு."

தெருவில் பொன்னுராஜின் ஆட்டோ நின்றது. சாப்பிட உட்கார்ந்தவன் கையைக் கழுவாமலே எழுந்து வந்தான். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெரு. மண்மேட்டில் ஒரு சக்கரம் ஏற, ஆட்டோ சாய்ந்தது. மூன்று பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். சந்தையில் ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டு சரக்கு இறக்கியது. பொன்னுராஜ் ஹாரனை விடாமல் அமுக்கினான். "ஏலே, வண்டியை எடுலே! பச்சைப்பிள்ளைலே!" என்று இறங்கிக் கத்தினான். லாரி முனகியபடி பின்னால் போனது.

"நைட்டியைத் தொறந்து தோல் மேல தோல் படும்படி வச்சுக்க எலினா. முதுகைத் தேச்சுவிடு. பேசிக்கிட்டே இரு" என்றாள் கனகலட்சுமி.

என்ன பேசுவது? பெயர்கூட வைக்கவில்லை. "தம்பி... ஏய் தம்பி..." என்று மட்டும் எலினா சொல்லிக்கொண்டே வந்தாள்.

சந்தனமேரி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த சீனியை எடுத்தாள். "நாக்குல செத்த தடவட்டுமா? உயிர் நிக்கும்."

"வேண்டாம் சந்தனமேரியக்கா. விழுங்குற தெம்புகூட அவனுக்கு இல்ல. வாயில எது போனாலும் மூச்சுக்குழல்ல எறங்கிரும்."

வேறொரு நாளாக இருந்தால் சந்தனமேரி எதிர்த்துப் பேசியிருப்பாள். இப்போது சீனியை மறுபடி முடிந்துகொண்டாள். வண்டி ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. வெயிலில் தார் மினுங்கியது. திடீரென்று சந்தனமேரி யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"இப்படித்தான் தூங்கிக்கிட்டே போச்சு."

"யாருத்தை?"

"பெனினுக்கு முந்தி. பொம்பளைப்பிள்ளை. அழவே அழாது. எல்லாரும் நல்ல பிள்ளைன்னாக. சீனித்தண்ணி குடுத்தேன், அதைக் குடிச்சிட்டுத் தூங்கும். பொறவு ஒரு நாள் முழிக்கல."

 எலினா பிள்ளையின் மூக்கினடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து மடவார்வளாகம் தாண்டியதும் பொன்னுராஜ் "வந்துட்டோம் தங்கச்சி, வந்துட்டோம்" என்றான்.

வார்டில் இருந்த டாக்டர் ஹரிகிருஷ்ணன் இளவயதுக்காரர். பிள்ளையை வாங்கியதும் அவர் நடை ஓட்டமானது. குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது பிள்ளையின் மேல் நாலைந்து கைகள் தெரிந்தன. பிள்ளை தெரியவில்லை. ஒரு கணம் அந்தக் கைகள் விலகின. அவனுடைய வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. எலினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது, ஏத்தியிருக்கோம். ஒடம்புல தண்ணி வத்திப்போய் உப்பு கூடிருச்சு. தண்ணிய மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா மூளை வீங்கிரும். அந்த இழுப்பு நின்னுருக்கு. இப்போதைக்கு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. என்னம்மா குடுத்தீங்க?"

"தாய்ப்பால் மட்டும் சார்" என்றாள் எலினா. அந்த வாக்கியம் அவளுக்கே கசந்தது.

"குடுத்தீங்க. ஆனா பிள்ளைக்குப் போகல" என்றார். குரலில் கோபம் இல்லை. "வாயில காம்பை மட்டும் வச்சிருப்பீங்க. அவன் கவ்வி இழுக்கல. இழுக்காததால பால் ஊறல. ஊறாததால அவன் சோர்ந்துட்டான். நீங்க ஒழுங்காச் சாப்பிடுறீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா? ஒதடெல்லாம் வெடிச்சிருக்கே."

 சந்தனமேரி எழுந்து போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். மூடியைத் திறந்து மருமகளின் வாயில் தானே வைத்தாள்.

"குடி."

எலினா குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து நைட்டி நனைந்தது. பாட்டில் காலியாகும் வரை சந்தனமேரி கையை எடுக்கவில்லை.

பெனின் வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. மில் உடுப்பிலேயே, தலையில் பஞ்சோடு வந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தான். பிள்ளையின் மூக்கில் குழாய், கையில் ஊசி. திரும்பியவன் கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா சொன்னதைக் கேட்டிருந்தா எம் பிள்ளை இப்படிக் கிடப்பானாட்டி? பெரிய படிப்பாளி! கிளாஸ் கிளாஸ்னு..." என்று எலினாவைப் பார்த்துக் கத்தினான். பிறகு கனகலட்சுமி பக்கம் திரும்பினான். "ஒங்க பேச்சைக் கேட்டுத்தான..."

கனகலட்சுமி சுவரோடு ஒட்டி நின்றாள். 

"ஏலே, நிறுத்து" என்றாள் சந்தனமேரி. "அவ எம் பேச்சைக் கேட்டதுனாலதான் தண்ணி குடிக்காமக் காஞ்சு கிடந்தா. பச்சை ஒடம்புக்காரியைப் பட்டினி போட்டது நான். கத்தணும்னா என்னைக் கத்து."

 அம்மா இப்படிப் பேசி பெனின் கேட்டதே இல்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எலினாவுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

நர்ஸ் பரிபூரணம் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து எலினாவின் மடியில் வைத்தாள். நடுத்தர வயது, கறாரான குரல். "அழுகிறதைப் பொறவு அழு. இப்ப பாலைக் கறந்து எடுக்கணும்" என்றாள். காம்பைப் பிடித்து நசுக்கக்கூடாது, கருவளையத்துக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து உள்பக்கமாக அழுத்தி விட வேண்டும் என்று செய்து காட்டினாள். முதலில் கிண்ணத்தின் அடிகூட நனையவில்லை. "போதும்னு விட்றாத. செத்த நேரம் கழிச்சுத் திரும்பவும் எடு. கேக்கக் கேக்கத்தான் குடுக்கும்."

சந்தனமேரி ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த கடையில் முட்டையும் சோறும் பருப்பும் வாங்கிவந்து ஊட்டினாள். தொண்டைக்குள் இறங்காதபோதும் விடவில்லை.  நடுவில் எலினா கேட்டாள். "அந்தப் பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தீங்களாத்தை?"

சந்தனமேரி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "ஞானஸ்நானம் ஆகலை. ஆனா நான் மனசுக்குள்ள ரோஸ்லின்னு கூப்பிடுவேன். கடைசி வரைக்கும் ஒங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

விடிந்தபோது கிண்ணத்தில் பால் இருந்தது. மஞ்சளாக, கெட்டியாக, கிண்ணத்தின் கால்வாசிக்கும் குறைவாக. பரிபூரணம் அதைக் குழாய் வழியாகப் பிள்ளைக்கு இறக்கினாள். அன்று முழுவதும் அப்படியே போனது. மறுநாள் பிள்ளை கண்ணைத் திறந்தான். அதற்கடுத்த நாள் காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அழுகை கேட்டது. முனகல் இல்லை, நல்ல காட்டமான அழுகை. எலினா கதவில் இடித்துக்கொண்டு எழுந்தாள். சந்தனமேரி சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குழாயை எடுத்துவிட்டார்கள். பரிபூரணம் பிள்ளையைத் திருப்பி, வயிற்றோடு வயிறு சேர்த்து, அவன் வாய் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து மார்பில் கொடுத்தாள். "காது கிட்ட அசையுது பாரு. முழுங்குற சத்தம் கேக்குதா? இது கேட்டாத்தான் போகுதுன்னு அர்த்தம்." எலினா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டது.

அன்று மதியம் கனகலட்சுமி வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்காரவும் தயங்கி நின்றாள். எலினாவுக்குள் இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது வெடித்தது.

"தாய்ப்பால் மட்டும் குடுன்னு சொன்னீங்கல்லா அக்கா. அது பிள்ளைக்குப் போகுதா போகலையான்னு எப்படிப் பாக்கணும்னு ஏன் சொல்லல? துணி நனையணும், எத்தனை தடவை நனையணும், செவப்பாக் கறை பட்டா ஒடம்புல தண்ணி வத்துதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேன் எலினா" என்றாள் கனகலட்சுமி. பிறகு தலையை ஆட்டினாள். "கடைசில சொன்னேன். சத்துமாவுப் பையைக் குடுத்து எல்லாரும் எந்திரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கும்போது சொன்னேன். அது சொன்னதுல சேத்தி இல்ல. அன்னைக்கு ஒன் வீட்டுக்கு வந்தப்பவும் துணியை வெலக்கிப் பாக்காமப் போனேன். நீ நல்லாப் படிக்கிற பிள்ளைங்கிற நெனப்புல போனேன்."

எலினாவுக்கு இன்னும் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் தான் சொன்ன பொய்யும் நினைவுக்கு வந்தது. "நானும் குடிக்கான்னு சொன்னேன்ல்லா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். அக்காவை மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். இழுப்பு வந்த பிள்ளை. கழுத்து நிற்பது, திரும்பிப் படுப்பது, காது கேட்பது எல்லாவற்றையும் மாதாமாதம் கொண்டுவந்து காட்டவேண்டும். நன்றாகவே இருப்பான் என்றுதான் நம்புகிறேன், ஆனால் இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. பெனின் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிள்ளைக்கு கிளாட்வின் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த மாதம் அங்கன்வாடியில் கூட்டம் நடந்தபோது கனகலட்சுமி தாய்மார்களை மட்டுமல்லாமல் மாமியார்களையும் கூப்பிட்டிருந்தாள். சந்தனமேரி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, காலை நீட்டிப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். எலினா எழுந்து பேசினாள். மேடைப் பேச்சு அவளுக்கு வரவில்லை. துணி காய்ந்து கிடந்ததையும், கறையைக் கழுவி மறைத்ததையும், பால் வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டதையும் நடந்தது நடந்தபடி சொன்னாள். சொல்லும்போது இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. அங்கேயெல்லாம் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

நிறைமாதமாக இருந்த ஒரு பெண் கேட்டாள்: "தண்ணி எம்புட்டுக் குடிக்கலாம்? எங்க வீட்டுல விடமாட்டாக."

"தாகம் எடுக்கிறப்பல்லாம் குடி" என்று பின்வரிசையிலிருந்து சந்தனமேரி சத்தமாகச் சொன்னாள். "ஒங்க அத்தை எவடி? இங்க வந்திருக்காளா?"

வந்திருந்தாள். செல்லத்தாய் என்ற பருமனான பெண்மணி. முகம் சுருங்கி, "நாங்க என்ன பிள்ளை பெறாதவகளா?" என்று அவளும் குரலை உயர்த்தினாள். இருவரும் விடவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேசத் தொடங்கியது. முடியட்டும் என்று கனகலட்சுமி பொறுமையாகக் காத்திருந்தாள். சத்துமாவுப் பைகளை அவள் இன்னும் பீரோவை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. "எப்பத்தான் குடுப்பீக, வீட்டுல சோலி கிடக்கு" என்று முன்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"இதைப் பேசி முடிச்சிட்டுத்தான்" என்றாள் கனகலட்சுமி.

கிளாட்வின் விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான். எலினா அவனைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்து, அவன் வாய் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்தாள்.